கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு அட்டைக்குச் சாமி பட ஃபிரேம் ஆகாது

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டின சந்தில் எங்கள் கடை. அப்பா காலத்திலிருந்து படத்துக்குக் கண்ணாடி போடுவதுதான் பிழைப்பு. முருகன், வெங்கடாசலபதி, கல்யாண போட்டோ, மாலை போட வேண்டிய பெரியவர் படம், பிள்ளைகளின் பட்டச் சான்றிதழ் என்று வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது பாடகர்கள் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு அட்டைகளும், அதாவது இசைத்தட்டு வருகிற அட்டை உறைகளும், வருகின்றன. தாத்தாவின் பீரோவிலிருந்து எடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம். சென்னையில் பழைய எல்.பி. தட்டு வாங்கி, கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் காத்திருந்து கையெழுத்து வாங்கி வருகிற காட்பாடிப் பக்கத்து காலேஜ் பையன்கள் இன்னொரு பக்கம்.

எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். "நல்லா கெட்டியா போட்டுக் குடுண்ணா, அசையவே கூடாது."

சாமி படத்தை அப்படித்தான் போடுவோம். ஹார்டுபோர்டில் பசை தடவிப் படத்தை ஒட்டி, மேலே கண்ணாடியை நேராக அழுத்தி, பின்னால் ஆணி அடித்து, பிரவுன் டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. விளக்குப் புகையில் மங்கிப் போனால் அடுத்த பொங்கலுக்கு வேறு முருகன் வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துக்கு அப்படி மாற்று கிடையாது. வாணி ஜெயராம் 1945-இல் நம்ம வேலூரில் பிறந்தவர். 2023 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்து வெளுத்துப் போனால் யாரிடம் போய் மறுபடி வாங்குவது?

அதனால் நான் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அட்டைக்கு எது செய்தாலும், நாளைக்குத் தடயம் இல்லாமல் கழற்ற முடிய வேண்டும். ஒட்டுவது, லேமினேட் செய்வது, வார்னிஷ் அடிப்பது மூன்றும் இதிலேயே அடிபட்டுப் போகும். லேமினேஷன் மெஷினில் சூடும் பசையும் சேர்ந்து இறங்குகிறது. பிறகு பிரிக்கப் போனால் பிளாஸ்டிக்கோடு கையெழுத்தும் உரிந்து வரும். "லேமினேஷன் போட்டா தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுண்ணா" என்பார்கள். தண்ணீர் படுகிற இடத்தில் அதை எதற்கு மாட்டுகிறீர்கள்?

முதலில் லென்ஸ்

ஃபிரேம் பட்டை எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது பேனாவால் போட்ட கையெழுத்துதானா என்று பாருங்கள். பாடகரின் கையெழுத்தை அட்டையிலேயே அச்சடித்து விற்றதும் உண்டு. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகிக்கொள்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். அச்சான கையெழுத்தாக இருந்தால் கோட்டுக்குள்ளேயே புள்ளி புள்ளியாகத் தெரியும். அல்லது பக்கத்தில் இருக்கும் பாட்டு வரிசையின் எழுத்துகளைப் போலவே ஒரே சீராகப் படிந்திருக்கும். பால்பாயின்ட் அப்படி இருக்காது. கோடு ஒரு சின்னப் பள்ளத்தில் ஓடும். வளைவு திரும்புகிற இடத்தில் மை கொஞ்சம் திரண்டு நிற்கும். வழவழப்பான அட்டையில் பேனா அங்கங்கே வழுக்கியிருக்கும். அந்த இடத்தில் பள்ளம் இருக்கும், மை இருக்காது. டார்ச்சைச் சாய்த்து, அட்டையின் மட்டத்துக்கே பிடித்து அடித்தால் அந்தப் பள்ளம் மெல்லிய நிழலாக எழுந்து வரும். பாதி வெளுத்த கையெழுத்தைக்கூட இப்படிப் படித்துவிடலாம்.

அச்சான கையெழுத்து என்று தெரிந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அட்டை அழகாகத்தானே இருக்கிறது, விருப்பப்படி மாட்டிக்கொள்ளுங்கள். மீதி நான் சொல்லப்போவது நிஜக் கையெழுத்துக்கு.

அடுத்து, எந்தப் பேனா? இதைப் பொறுத்துத்தான் எவ்வளவு வெளிச்சம் காட்டலாம் என்பது. பென்சில் கோட்டை வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் தேய்த்தால் பூசிக்கொள்ளும். பெயிண்ட் மார்க்கர், அதாவது குலுக்கினால் உள்ளே குண்டு சத்தம் கேட்கிற வகை, நிறமித் தூள் கலந்தது, ஓரளவு தாங்கும். வழவழப்பான அட்டையில் செதிலாக உரிவது மட்டும் அதற்கு ஆபத்து. பால்பாயின்ட், சாதாரண பெர்மனென்ட் மார்க்கர், ஸ்கெட்ச் பேனா மூன்றும் சாயம். பெயரில் பெர்மனென்ட் என்று இருப்பது தண்ணீருக்குத்தான், வெயிலுக்கு இல்லை. மூன்றிலும் ஸ்கெட்ச் பேனா ரொம்பப் பலவீனம்; வெளிச்சத்திலும் வெளுக்கும், ஈரத்திலும் கரையும். ஊற்றுப் பேனா மைக்கும் ஈரம் ஆகாது.

பி.பி. ஸ்ரீநிவாஸ் பல நிறப் பேனாக்களைச் சட்டைப் பையில் வரிசையாகச் செருகிக்கொண்டு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் உட்கார்ந்திருப்பார் என்பது ஊரறிந்த சங்கதி. ஒரே பக்கத்தில் நிறம் மாற்றி மாற்றி எழுதுவார். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் மற்றவர்களைவிட உங்களுக்குக் கவனம் அதிகம் வேண்டும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் வெளுக்கும். ஒரு சொல் அப்படியே இருக்க, பக்கத்துச் சொல் மட்டும் காணாமல் போகும்.

எச்சில் விரலால் தேய்த்துப் பார்த்து "நிஜ மைதான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரிட், சானிடைசர் இரண்டும் அட்டைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. பால்பாயின்டையும் மார்க்கரையும் அவை அப்படியே கரைத்துவிடும். மங்கின கையெழுத்தின் மேல் பேனாவால் வரைந்து புதுப்பிப்பதும் கூடாது. வரைந்த பிறகு அது உங்கள் கையெழுத்து.

கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு படம்

மூலத்தைக் கையிலெடுத்து வேலை தொடங்குமுன் படம் பிடித்து வையுங்கள். ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். எல்.பி. அட்டை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 31.5 சென்டிமீட்டர். ஏ3 ஸ்கேனரின் அகலம் 29.7. முழுசாக அதில் உட்காராது. இரண்டு பாதியாக 600 டி.பி.ஐ.யில் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்க்கலாம். இல்லையென்றால் காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையில் அட்டையைச் சுவரில் சாய்த்து, ஃபிளாஷ் போடாமல், நேர் எதிரே கேமராவை வைத்து எடுத்தால் போதும். கையெழுத்தை மட்டும் கிட்டத்தில் தனியாக ஒன்று.

இந்தப் படம் வெறும் நினைவுக்கு இல்லை. வாலாஜாபேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எம்.எஸ். அம்மாவின் கையெழுத்தோடு சுப்ரபாத எல்.பி. அட்டையைக் கொண்டுவந்தார். எச்.எம்.வி. 1963-இல் வெளியிட்ட தட்டு. பூஜை ரூமில் மாட்ட வேண்டும் என்றார்.

"பூஜை ரூம்ல மட்டும் வேணாம் சார். விளக்குப் புகை, கற்பூரம், குங்குமம் எல்லாம் ஏறும்."

"ஏம்பா, தினமும் காலைல அந்தப் பாட்டு ஓடுற எடம் அதுதானே? அங்க இல்லாம வேற எங்க மாட்டுறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அட்டையைப் படம் பிடித்து, அசல் அளவிலேயே பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டுக்குச் சாமி படத்துக்குப் போடுகிற மாதிரியே கெட்டியாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மூலம் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. பிரிண்ட் மங்கினால் இன்னொன்று போட்டுக்கொள்வார்.

என்னைக் கேட்டால் பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா கையெழுத்துகளுக்கு இதுதான் சரியான வழி. சுவரில் பிரதி, இருட்டில் மூலம். பிரிண்ட் கடையில் 13-க்கு 19 இன்ச் தாள் என்று கேளுங்கள். 12-க்கு 18 தாளில் போட்டால் அட்டையின் ஓரம் வெட்டுப்படும். அல்லது உங்களைக் கேட்காமல் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இல்லை, மூலத்தைத்தான் மாட்ட வேண்டும் என்றால், இனி வருவது உங்களுக்கு.

தட்டை வெளியே எடுங்கள்

ரெக்கார்டோடு சேர்த்து ஃபிரேம் போடக் கேட்பார்கள். போடுவதில்லை. தட்டு உள்ளே இருந்தால் அதன் விளிம்பு அட்டையின் முன்பக்கத்தில் வட்டமாக அழுந்தித் தேய்ந்து வரும். பழைய அட்டைகளில் பார்த்திருப்பீர்கள், படத்தின் மேல் ஒரு வெள்ளை வளையம். அந்த வளையம் கையெழுத்தைக் குறுக்கே வெட்டினால் பார்க்கச் சகிக்காது. அதோடு, சுவரிலேயே தொங்கினால் தட்டைப் போட்டுக் கேட்பது எப்படி?

தட்டைப் புது உள்ளுறையில் போட்டு, வெறும் வெள்ளை அட்டையில் வைத்து, எந்த அட்டையின் தட்டு என்று வெள்ளை அட்டையில் எழுதிவிடுங்கள். நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கக் கூடாது. நூறு எல்.பி. அட்டையோடு இருபது கிலோவைத் தாண்டும், பலகை அதற்கேற்ற மாதிரி இருக்கட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வைக்காதீர்கள். வினைல் 60, 70 டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத வேலூரில், ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தின காருக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும். பின் சீட்டில் தட்டை வைத்துவிட்டு ஓ.பி.க்குப் போய் வந்தால் அப்பளமாக நெளிந்திருக்கும்.

தட்டு இருந்த இடத்தில், அட்டை உள்ளே குழியாமல் இருக்க, அமிலமில்லாத மவுண்ட் போர்டை, அதாவது ஃபிரேமுக்குள் படத்தைத் தாங்க வைக்கிற கெட்டி அட்டையை, 12 இன்ச் சதுரமாக வெட்டி மெதுவாகச் செருகுங்கள். பழைய அட்டைகளின் ஓரப் பசை காய்ந்து போயிருக்கும், அவசரப்பட்டால் பிளக்கும்.

பசை, ஹார்டுபோர்டு, டேப்

எங்கள் தொழிலின் மூன்று தூண்கள் இவை. மூன்றும் இங்கே எதிரி.

பசை மைதாவில் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவோம். பைண்டிங் கடையிலும் போடுவார்கள். மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் நாள்பட நாள்படக் காகிதத்தை மக்கவைக்கும். சாமி படத்துக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. கையெழுத்துக்கு ஆகாது.

ஹார்டுபோர்டு, பிளைவுட், சாதாரண மில்போர்டு மூன்றுமே அமிலம் கக்கும். பழைய படத்தைப் பிரித்தால் பின்பக்கம் பழுப்பாக, விரலால் மடக்கினாலே ஒடிகிற மாதிரி இருக்கும். அது இந்த அமிலத்தின் வேலை. சன்போர்டு போடலாமா என்று விவரம் தெரிந்த பையன்கள் கேட்கிறார்கள். சன்போர்டு பி.வி.சி., அதுவும் வேண்டாம். அட்டைக்குப் பின்னால் நேராகப் படுவது அமிலமில்லாத மவுண்ட் போர்டாக இருக்கட்டும். சென்னையில் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதற்குப் பின்னால் நடுவில் ஒரு பாலியஸ்டர் ஷீட் வைத்துவிட்டு, பலத்துக்காக ஹார்டுபோர்டு வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அட்டையை நிறுத்துவது எப்படி? நான்கு மூலைக்கும் பை செய்யுங்கள். பழைய போட்டோ ஆல்பத்தில் படத்தைச் செருக முக்கோண மூலைகள் இருக்குமே, அதே வேலைதான், அளவு பெரிசு. அமிலமில்லாத தாளையோ பாலியஸ்டர் ஷீட்டையோ பட்டையாக வெட்டி, அட்டையின் மூலையில் மடக்கி, பட்டையின் இரண்டு வாலையும் பின்னால் இருக்கும் மவுண்ட் போர்டில் மட்டும் ஒட்ட வேண்டும். அட்டையில் எங்கேயும் பசை படாது. எல்.பி. அட்டை கனமானது, கீழ் இரண்டு மூலைகள் மட்டும் அதைத் தாங்கினால் முனை நசுங்கும். அதனால் கீழ் ஓரம் முழுக்க உட்கார, மவுண்ட் போர்டை ஒடுக்கமாக வெட்டி ஒரு படி வைத்துவிடுவேன். மூலைகளையும் இறுக்கிப் போடாதீர்கள். மழைக் காலத்தில் அட்டை ஈரம் குடித்துக் கொஞ்சம் விரியும், அதற்கு நூல் இடைவெளி வேண்டும்.

அட்டையும் கண்ணாடியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கழற்ற முடிய வேண்டும் என்பதைப் போலவே இதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் பூக்கும். ரெக்கார்டு அட்டையின் மேல்தாள் வழவழப்பான ஆர்ட் பேப்பர். ஈரமான ஆர்ட் பேப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் விடாது. நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி போதும். சட்டத்தின் உள் விளிம்பில் மவுண்ட் போர்டுப் பட்டைகளை அடுக்கி ஒட்டினாலே அந்த இடைவெளி கிடைக்கும். முன்பக்கம் ஜன்னல் மாதிரி வெட்டின மவுண்ட் அதை மறைத்துவிடும். இதற்கெல்லாம் சட்டத்தில் ஆழம் வேண்டும். சர்டிஃபிகேட்டுக்குப் போடுகிற மெல்லிய பட்டை பற்றாது. கடையில் "பாக்ஸ் ஃபிரேம், உள்ளே முக்கால் இன்ச் பள்ளம்" என்று கேளுங்கள். கேட்டதும் சரி என்று சொல்கிற கடைக்காரரைவிட, எதற்கு என்று திருப்பிக் கேட்கிறவரிடம் கொடுங்கள்.

கண்ணாடி விஷயம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். சாயத்தை வெளுக்கவைக்கிற மீதியை உள்ளே விட்டுவிடும். புற ஊதா வடிகட்டுகிற அக்ரிலிக் ஷீட் இருக்கிறது, விலை கூட. போட முடிந்தால் போடுங்கள். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று ஜன்னல் எதிரே மாட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வெளுக்கவைக்கும். அக்ரிலிக்கைத் துடைக்க அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது, மங்கிவிடும். மெத்தென்ற துணியும் தண்ணீரும் போதும். பெயிண்ட் மார்க்கர் செதிலாக உரிய ஆரம்பித்திருந்தால் அக்ரிலிக்கே வேண்டாம். அதில் ஏறும் நிலைமின்சாரம் செதிலை இழுக்கும். அதற்குக் கண்ணாடிதான்.

பின்பக்கத்தைப் பிரவுன் காகிதம் ஒட்டி மூடுவதில் தப்பில்லை. தூசியும் கரப்பானும் வராது. உள்ளே ஆணிக்குப் பதில் திருகுகிற கிளிப் போட்டால், காகிதத்தைக் கிழித்து, திருகி, திறந்து பார்க்கலாம்.

எந்தச் சுவர், எந்த மாசம்

மேற்குப் பார்த்த வெளிச்சுவர் வேண்டாம். மத்தியான வெயிலைப் பூராவும் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிவரை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஓதம் இறங்குகிற சுவரும் வேண்டாம். பாத்ரூமை ஒட்டின சுவர், சமையல்கட்டு வாசலுக்கு எதிர்ச்சுவர், ஏ.சி.க்கு நேர் கீழே, இவையும் தள்ளுபடி. வீட்டுக்குள் இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் நல்லது. ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் பாட்டில் கார்க்கைச் சில்லு சில்லாக அறுத்து ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும், பல்லி முட்டையிடத் தேடுகிற இறுக்கமான இடுக்கும் இருக்காது.

விளக்கு வேண்டுமென்றால் எல்.இ.டி. போடுங்கள், அதில் புற ஊதாக் கதிர் இல்லாத குறைதான். ஃபிரேமுக்குள்ளேயே சீரியல் விளக்கு வைத்துக் கேட்கிறவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். மியூசியங்களில் காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அளவு. கூடத்தில் ஒரு ஓரமாக, பேப்பர் படிக்கக் கொஞ்சம் சிரமப்படுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தால் வருகிற சேதம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. இருட்டில் வைத்தால் ஆறிவிடும் என்றில்லை. மேலே ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். அதனால் வருஷம் முழுக்க மாட்டி வைக்காதீர்கள். நம்ம ஊருக்கு என் கணக்கு இது. தை பிறந்ததும் மாட்டுங்கள். மழை ஓய்ந்திருக்கும், சூடு வந்திருக்காது, பொங்கலுக்கு வருகிற சொந்தக்காரர்களும் பார்ப்பார்கள். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது இறக்கிவிடுங்கள். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கும்போது அது பீரோவுக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி மழை முடிகிறவரை வெளியே எடுக்க வேண்டாம். மீதி மாசங்களுக்கு அதே ஆணியில் பிரிண்ட் தொங்கட்டும். விருந்தாளிகளில் ஒருத்தர்கூட வித்தியாசம் கண்டுபிடித்துக் கேட்டதாக என் வாடிக்கையாளர்கள் இதுவரை சொன்னதில்லை.

பீரோவுக்குள்

ஸ்டீல் பீரோ நல்லதுதான், சுவரை ஒட்டாமல் ஒரு கையகலம் தள்ளி நின்றால். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

அட்டைக்கு வெளியுறை வாங்கும்போது பி.வி.சி. உறையைத் தவிர்த்துவிடுங்கள். அதை இளக்கமாக வைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து வரும். மை அதில் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான அட்டையில் மை உள்ளே ஊறாமல் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இது சீக்கிரமே நடக்கும். புது ரெயின்கோட், ரெக்சின் வாசனை வந்தால் பி.வி.சி. என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் வெளியே காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைச் சுட வைத்து, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பச்சைச் சுடர் எழுந்தால் பி.வி.சி. அந்தப் புகையை மட்டும் முகராதீர்கள். பாலிபுரொப்பிலீன், பாலியஸ்டர் உறைகளால் தொல்லை இல்லை. உறையை டேப் போட்டு அடைக்காமல் ஒரு பக்கம் திறந்தே விடுங்கள்.

ஈரத்துக்கு சிலிக்கா ஜெல். ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இந்தப் பொட்டலம் குவிந்து கிடக்கும். பெட்டிக்குள் இருந்து வந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும், அதை அப்படியே பீரோவில் போட்டுப் பயனில்லை. நிறம் மாறுகிற மணிகளாக வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் காய வைக்க வேண்டும். நீலம் இளஞ்சிவப்பாகிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். எதையும் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது நம் வழக்கம். ரெக்கார்டு, பிளாஸ்டிக் உறை, கையெழுத்து இருக்கும் தட்டில் அது வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். வசம்பைத் துணியில் முடிந்து பீரோவின் அடித்தட்டில் போடுங்கள். அதைவிட, மாசத்துக்கு ஒரு தடவை பீரோவைத் திறந்து பார்ப்பதுதான் மருந்து.

யார் போட்ட கையெழுத்து, எந்த ஊரில், எந்த வருஷம், யார் வாங்கினார்கள் என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி அட்டையோடு சேர்த்து வையுங்கள், அட்டையின் மேல் எழுதாதீர்கள். அட்டையில் ஏற்கெனவே ரெக்கார்டிங் கடைக்காரர் எழுதின நம்பரோ லைப்ரரி முத்திரையோ இருந்தால் அழிக்க வேண்டாம். கேசட் பதிந்து கொடுத்த காலத்துக் கடை நம்பர் அது. அட்டை எங்கெங்கே இருந்து வந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வெள்ளைப் பூசணம் பிடித்திருந்தால் ஈரத்துணி எடுக்காதீர்கள். நிழலில், காற்றில் நன்றாகக் காய விட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். கையெழுத்தின் மேல் பிரஷ்ஷும் வேண்டாம்.

இனிமேல் கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு

எண்ணெய் வகைப் பெயிண்ட் மார்க்கர் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். கச்சேரி முடிந்த களைப்பில் இருப்பவரிடம் அட்டையை நீட்டிவிட்டுப் பேனா தேடக் கூடாது. முந்தின நாளே உதவாத அட்டை ஒன்றின் பின்புறம் எழுதிப் பாருங்கள். புது மார்க்கர் முதல் கோட்டில் சொட்டும். தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, உள்ளே கெட்டி அட்டை வைத்து எடுத்துப் போங்கள். கையெழுத்துப் போட மேடை மாதிரியும் ஆகும், தட்டில் அழுத்தமும் விழாது. வெளிர் நிறப் பகுதியைக் காட்டி, "இங்க போடுங்க சார்", "இங்க போடுங்கம்மா" என்று சொன்னால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. போட்டதும் உறைக்குள் திணிக்காதீர்கள். காய்கிறவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நில்லுங்கள், பஸ் போனால் அடுத்த பஸ்.

கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால்

வேறெங்கோ ஃபிரேம் போட்டு, சில வருஷம் கழித்து என்னிடம் வருகிற அட்டைகளில் இந்தக் கேஸ்தான் அதிகம். கண்ணாடியில் மினுமினுப்பாக, நனைந்த மாதிரி ஒரு திட்டு தெரியும். அங்கே ஆர்ட் பேப்பர் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. "பிளேடு விட்டு எடுத்துடலாமாண்ணா?" கூடாது. தண்ணீர் விட்டு ஊற வைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது. பின்பலகையை மட்டும் கழற்றி, ஹார்டுபோர்டை எடுத்துவிட்டு, அட்டையைக் கண்ணாடியோடு சேர்த்து அப்படியே விட்டுவிடுங்கள். திட்டு கையெழுத்துக்குத் தள்ளி இருந்தால் அதோடேயே வாழலாம். பின்னால் அமிலமில்லாத போர்டு வைத்து மூடி, கண்ணாடி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பீரோவில் படுக்க வையுங்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள். திட்டு கையெழுத்தின் மேலேயே இருந்தால் என் போன்ற ஃபிரேம் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல, பழைய காகிதத்தைக் காப்பதையே வேலையாக வைத்திருக்கும் இடங்களில் விசாரித்து, அந்த வேலை கற்றவர் ஒருவரிடம் காட்டுங்கள். கொண்டுபோகும்போது கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வழியில் உடைந்தாலும் சில்லு அட்டைக்குள் இறங்காது.